இடிப்பதா, இருப்பதை வைத்துக் கட்டுவதா? நகரப் புதுப்பிப்பு: ஓர் எளிய அறிமுகம்

சென்னையில் தி.நகர், அடையாறு, அண்ணா நகர் பக்கம் போனால் 1980களில் கட்டிய மூன்று மாடி ஃப்ளாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபடுவதைப் பார்க்கலாம். இடிக்கும் இடத்தைச் சுற்றிப் பச்சைத் துணி. அதற்கு மேல் வரப்போகும் கட்டடத்தின் படம். படத்தில் மாடிக்கு மாடி செடிகொடி, கூரையில் சோலார் தகடு, மூலையில் 'பசுமைக் கட்டடம்' என்று ஒரு வரி. பார்க்கிற நாமும் சரி என்றுதான் நினைக்கிறோம். பழசு கரன்ட்டைத் தின்னும், புதுசு மிச்சப்படுத்தும். அப்படியானால் இடித்துக் கட்டுவது ஊருக்கும் நல்லதுதானே?

அதே சமயம், பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், அது அரண்மனையையும் தேவாலயத்தையும் ஆங்கிலேயர் காலத்துச் சிவப்புக் கட்டடங்களையும் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொள்கிறோம். நம் தெருவில் நிற்கும், அழகென்று சொல்ல எதுவும் இல்லாத 35 வருஷத்து ஃப்ளாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று விட்டுவிடுகிறோம்.

இரண்டுமே பிசகான எண்ணங்கள். ஊரில் நிற்கும் கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை பெயரும் வரலாறும் இல்லாத சாதாரணக் கட்டடங்கள்தான். அவற்றை என்ன செய்கிறோம் என்பதில்தான் நகரத்தின் எதிர்காலம் இருக்கிறது. அது ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## ஒரு ஸ்கூட்டர் கணக்கு

உங்களிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருக்கிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடுகிறது. கடையில் இருக்கும் புது வண்டி 60 தருமாம், விலை ஒரு லட்சம். பெட்ரோல் மிச்சம் என்று வாங்கலாமா?

தினம் 20 கிலோமீட்டர் ஓட்டினால் வருஷத்துக்கு 7,300 கிலோமீட்டர். பழைய வண்டிக்கு 162 லிட்டர், புதியதற்கு 122 லிட்டர். மிச்சம் 40 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 4,000 ரூபாய். போட்ட ஒரு லட்சத்தை எடுக்க 25 வருஷம் ஆகும். அதற்குள் புது வண்டியே பழைய வண்டியாகிவிடும். பழைய வண்டியை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் விட்டு, சில ஆயிரம் செலவழித்து, லிட்டருக்கு 50 வாங்கிவிட்டால் புது வண்டியின் பக்கம் இன்னும் பலவீனமாகிவிடும்.

கட்டடத்துக்கும் இதே மாதிரி இரண்டு செலவு உண்டு. கட்டி முடிப்பதற்குள் சிமென்ட், எஃகு, செங்கல், கண்ணாடி எல்லாம் தயாரிக்கவும் கொண்டுவரவும் ஆகும் கார்பன் டை ஆக்சைடு ஒன்று. இதை உள்ளுறை கார்பன் என்கிறார்கள். கட்டிய பிறகு ஏசி, விளக்கு, லிஃப்ட், மோட்டார் என்று தினமும் ஆகும் கரன்ட்டால் வெளியாவது இன்னொன்று. இது இயக்கக் கார்பன். பச்சைத் துணிக்கு மேல் இருக்கும் விளம்பரம் பேசுவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி. முதலாவது அந்தப் பலகையில் வருவதே இல்லை.

## சுண்ணாம்புக்கல்லுக்குள் இருப்பது

அரியலூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சாலை முழுக்க சுண்ணாம்புக்கல் லாரிகள், தூரத்தில் சிமென்ட் ஆலைகள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிலம் கடலுக்கு அடியில் இருந்தது. அங்கே சேர்ந்து இறுகியதுதான் இன்று நாம் வெட்டியெடுக்கும் கல்.

அந்தக் கல்லின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். பள்ளி வேதியியலில் படித்த அதே சமன்பாடுதான் இங்கே நடக்கிறது: கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் கால்சியம் ஆக்சைடு ஒரு பக்கம், கார்பன் டை ஆக்சைடு இன்னொரு பக்கம். 100 கிலோ சுத்தமான கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும். கல்லின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு!

பலர் தவறவிடும் இடம் இதுதான். சிமென்ட் ஆலையில் புகை என்றால் சூளைக்குப் போடும் நிலக்கரியின் புகை என்று நினைக்கிறோம். சூளை சுமார் 1,450 டிகிரி வரை சூடாக வேண்டும், அதற்கு எரிபொருள் வேண்டும், அதுவும் உண்மைதான். ஆனால் வெளியாகும் கார்பனில் பாதிக்கும் மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது. ஆலை முழுவதையும் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்தப் பங்கு அப்படியே இருக்கும். உலகில் மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் 7, 8 சதவீதம் சிமென்ட்டிலிருந்து வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

சரி, ஒரு வீட்டுக்கு எவ்வளவு? நம்மூர் மேஸ்திரிகள் வாய்க்கணக்காகச் சொல்வது: சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், 4 கிலோ கம்பி. 1,000 சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை, அதாவது 20 டன் சிமென்ட். அப்புறம் 4 டன் கம்பி. ஒரு டன் சிமென்ட்டுக்குச் சுமார் 0.6 டன் கார்பன் டை ஆக்சைடு என்றால் 12 டன். இந்தியாவில் ஒரு டன் எஃகு தயாரிக்கச் சுமார் 2.5 டன். அது ஒரு 10. இரண்டும் சேர்த்து 22 டன். செங்கல், டைல்ஸ், அலுமினிய ஜன்னல், லாரி ஓட்டம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

இப்போது கரன்ட் பக்கம் வருவோம். மாதம் 300 யூனிட் ஓட்டும் வீடு வருஷத்துக்கு 3,600 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால், வருஷத்துக்கு 2.5 டன். புது வீடு இதில் 30 சதவீதம் மிச்சப்படுத்துகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு முக்கால் டன். 22 டன்னை முக்கால் முக்காலாக அடைக்க எவ்வளவு காலம்? கிட்டத்தட்ட 29 வருஷம்.

இது தோராயக் கணக்கு. வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் அளவின் போக்கு சரிதான். அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 2012இல் வெளியிட்ட ஆய்வும், சராசரிப் பழைய கட்டடத்தைவிட 30 சதவீதம் சிக்கனமான புதுக் கட்டடம் தன் கட்டுமானப் பாதிப்பை ஈடுகட்ட 10 முதல் 80 ஆண்டுகள் வரை ஆகும் என்றுதான் சொன்னது. நம் ஃப்ளாட்டுகளை இடிப்பது 35, 40 வயதில். கடன் அடைந்து கொஞ்ச காலத்தில் அடுத்த கடன்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடிக்கொண்டே வருகின்றன. கரன்ட் சுத்தமாகச் சுத்தமாக, ஒரு யூனிட்டை மிச்சப்படுத்துவதால் குறையும் கார்பனும் சுருங்கும். ஆனால் இன்று சுண்ணாம்புக்கல்லிலிருந்து கிளம்பிய கார்பன் இன்றே காற்றில் சேர்ந்துவிட்டது. அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. ஆகவே இந்த 29 வருஷம் நீளுமே தவிரக் குறையாது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: நிற்கிற கட்டடம் என்பது ஏற்கெனவே செலவழித்து முடித்த கார்பன். அதை இடித்தால் அந்தச் செலவு வீண். புதிதாகக் கட்டினால் இன்னொரு செலவு. கரன்ட் பில்லில் வரும் மிச்சம் அதை அடைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

## எந்தக் கட்டடம் உண்மையிலேயே முடிந்துபோனது?

'எல்லாம் சரி, சீலிங் பெயர்ந்து தலையில் விழுகிறதே' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியே வந்துவிட்டதால் உயிர் தப்பினார்கள். எல்லாப் பழைய கட்டடத்தையும் எப்படியாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது.

ஆனால் கட்டடம் வயதால் சாவதில்லை. அது எப்படிக் கெடுகிறது என்று தெரிந்தால்தான் எதைக் காப்பாற்றலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல முடியும்.

நல்ல கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். அது இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கில் மெல்ல உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். இதற்குப் பெயர் கார்பனேற்றம். காரம் குறைந்த பகுதி கம்பியைத் தொட்டதும் காப்புப் படலம் போய்விடும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. சாந்தோம், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் உப்புக் காற்று இதை இன்னும் வேகப்படுத்தும். துரு, தான் உருவான இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். உள்ளிருந்து தள்ளும். அதனால்தான் கம்பி ஓடும் கோட்டிலேயே விரிசல் விழுந்து, பிறகு கான்கிரீட் பெயர்கிறது.

இதைச் சோதிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. தூணிலோ தளத்திலோ ஒரு சின்ன இடத்தில் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்துப் புது முகம் தெரியச் செய்வார்கள். அதன் மேல் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள், பள்ளிக்கூட ஆய்வகத்தில் பியூரெட்டோடு வைத்து விளையாடிய அதே கரைசல். காரம் இருக்கும் இடம் பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறும். கார்பனேற்றம் நடந்த வெளி ஓரம் மட்டும் நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். அந்தச் சாம்பல் பட்டையின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளக்கலாம். பட்டை 10 மில்லிமீட்டர், கம்பி 25 மில்லிமீட்டர் ஆழத்தில் என்றால் பயமில்லை. பட்டை கம்பியைத் தாண்டிப் போயிருந்தால் அந்த இடத்தில் வேலை இருக்கிறது என்று அர்த்தம். இதோடு கான்கிரீட்டின் கெட்டியைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹாமர், உள்ளே ஒலி அலையை அனுப்பிப் பார்க்கும் மீயொலிச் சோதனை, தூணிலிருந்து உருளையாகத் துண்டெடுத்து நசுக்கிப் பார்ப்பது எல்லாம் சேர்ந்தால் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடுவார்.

பெரும்பாலும் தெரியவருவது என்னவென்றால், குளியலறைக்குக் கீழே, மொட்டை மாடி ஓரம், சன்ஷேடு, பால்கனி என்று தண்ணீர் நின்ற இடங்களில்தான் பாதிப்பு. மற்ற இடம் திடமாக இருக்கும். கெட்ட கான்கிரீட்டைக் கொத்தி, கம்பியின் துருவை எடுத்து, ப்ரைமர் அடித்து, பாலிமர் கலந்த சாந்து பூசி, தேவைப்பட்டால் தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போட்டு ஜாக்கெட்டிங் செய்யலாம். அடித்தளமே இறங்கியிருந்தாலோ, தூண்களில் பெரும்பாலானவை பலமிழந்திருந்தாலோ, இடிப்பதுதான் சரி. அப்போது மறுபேச்சு வேண்டாம்.

எனக்கு வருத்தம் எதில் என்றால், இந்தச் சோதனை எதுவும் செய்யாமலேயே 'கட்டடம் வீக்கா இருக்கு' என்ற ஒரு வரியில் முடிவெடுத்துவிடுகிறோம். இரண்டு வரவேற்பறைகளில் பெயர்ந்த பூச்சைக் கைபேசியில் படம் எடுத்துக் காட்டினால் போதும், வீட்டுக்காரர்கள் கூட்டம் தலையாட்டிவிடுகிறது.

## வேலை மாறும், கட்டடம் நிற்கும்

கட்டடத்தின் எலும்பை வைத்துக்கொண்டு அதன் பயன்பாட்டையோ வசதியையோ மாற்றுவதைத்தான் மறுபயன்பாடு என்கிறார்கள். பூட்டிவைத்துப் பார்வைப் பொருளாக்குவது இதில் சேராது. கட்டடம் தினமும் உழைக்க வேண்டும்.

சென்னையிலேயே இரண்டு இருக்கின்றன. சேப்பாக்கம் அரண்மனை 1768இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கட்டியது. 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கலஸ் மகால் பகுதி பாழானது. பொதுப்பணித் துறை சுண்ணாம்புச் சாந்தும் கடுக்காயும் வெல்லமும் கலந்த பழைய முறையிலேயே அதைச் சீரமைத்தது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கேதான் நடக்கிறது.

இன்னொன்று ஓமந்தூரார் தோட்டம். புதிய தலைமைச் செயலகமாக 2010 மார்ச்சில் திறந்த கட்டடம், 2011 ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2014 பிப்ரவரியில் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையானது. அந்த முடிவின் அரசியலைப் பற்றி அவரவருக்கு ஒரு கருத்து இருக்கும். பொறியியலாகப் பார்த்தால், பேரவைக்கும் அலுவலகங்களுக்கும் என்று கட்டிய ஒன்றில் இன்று அறுவை சிகிச்சை நடக்கிறது. விசாலமான தூண் இடைவெளியும் போதுமான தள உயரமும் இருந்தால் ஒரு கட்டடம் எவ்வளவு தூரம் வளைந்து கொடுக்கும் என்பதற்கு இதைவிட அருகில் ஓர் உதாரணம் கிடைக்காது.

இரண்டுமே பெரிய அரசுக் கட்டடங்கள். நான் முதலில் சொன்ன சாதாரண ஃப்ளாட்டுக்கு உதாரணம் வேண்டுமென்றால் பிரான்சில் இருக்கும் போர்தோ நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே கிராண்ட் பார்க் என்ற பகுதியில் 1960களின் தொடக்கத்தில் கட்டிய அரசு வாடகைக் குடியிருப்புகள். மூன்று கட்டடங்கள், 530 வீடுகள். தீப்பெட்டி ஜன்னல், இருட்டு அறை, பார்க்கவும் சகிக்காது. எங்கேயும் இப்படிப்பட்டதைத்தான் முதலில் இடிப்பார்கள்.

ஆன் லகாதோன், ஜான் ஃபிலிப் வசால் என்ற இரு கட்டடக் கலைஞர்கள், வேறு இருவரோடு சேர்ந்து, வெளிச்சுவரின் ஒரு பகுதியைத் தவிர எதையும் இடிக்கவில்லை. வெளிச்சுவரில் இருந்த சின்ன ஜன்னல்களை எடுத்துவிட்டுத் தரை முதல் மேல்வரை சறுக்குக் கண்ணாடிக் கதவு வைத்தார்கள். கட்டடத்துக்கு வெளியே, தனி அடித்தளத்தில் நிற்கும் 3.8 மீட்டர் அகலப் புதுத் தளங்களை, தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து மாடிக்கு மாடி நிறுத்தினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வெயில் வரும் ஒரு பெரிய முன்கூடம் கிடைத்தது. குளிர்காலத்தில் அந்தக் கூடமே குளிரைத் தடுக்கும் திரையாக இருப்பதால் சூடேற்றும் செலவும் குறைந்தது. வேலை நடந்தபோது குடியிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். முடிந்த பிறகு வாடகை ஏறவில்லை. 2019இல் ஐரோப்பாவின் கட்டடக்கலை விருதான மீஸ் வான் டெர் ரோ விருது இந்தக் குடியிருப்புக்குக் கிடைத்தது. 2021இல் லகாதோன், வசால் இருவருக்கும் கட்டடக்கலையின் மிக உயர்ந்த பரிசான பிரிட்ஸ்கர் கிடைத்தது.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வீடு அடுப்பாகிவிடும். நமக்கு வேண்டியது நிழல். மேற்குச் சுவருக்கு வெளியே ஆழமான வராந்தா, மொட்டை மாடியில் வெள்ளை ஓடு, குறுக்குக் காற்றுக்கு வழி. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் வேலையின் வரிசையை: என்ன குறை என்று பார், அதை மட்டும் சேர், மற்றதைத் தொடாதே.

மறுபயன்பாடு தவறாகவும் போகும். மும்பையின் லோயர் பரேலில் கமலா மில்ஸ் வளாகம் பழைய துணி ஆலையாக இருந்து அலுவலகங்களும் உணவகங்களுமாக மாறியது. 2017 டிசம்பரில் அங்கே கூரைத் தளத்து உணவகங்களில் பிடித்த தீயில் 14 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் வேலை மாறும்போது, அதில் கூடும் ஆட்களின் எண்ணிக்கை மாறுகிறது. படிக்கட்டின் அகலம், வெளியேறும் வழி, தீயணைப்பு ஏற்பாடு எல்லாவற்றையும் புதுக் கட்டடத்துக்குப் பார்ப்பது போலவே பார்க்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை, முன்பு சொன்ன அமெரிக்க ஆய்விலேயே இருக்கிறது: கிடங்கை அடுக்குமாடி வீடுகளாக மாற்றியபோது சுற்றுச்சூழலுக்கு லாபம் வரவில்லை. உள்ளே போட வேண்டிய புதுப் பொருள் அவ்வளவு அதிகம். 'பழசை வைத்திருக்கிறோம்' என்ற பெயர் மட்டும் போதாது. எவ்வளவு புதிதாகச் சேர்க்கிறோம் என்பதுதான் கணக்கு.

சுருக்கமாக, சோதித்துப் பார்த்து எலும்பு நன்றாக இருந்தால் வைத்துக்கொள். குறைவதைச் சேர். பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்.

## அப்படியானால் ஏன் இடிக்கிறோம்? நிலத்தின் கணக்கு

இதற்கான விடை கட்டடத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. ஒரு மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதை தளப்பரப்புக் குறியீடு சொல்கிறது. பேச்சில் எல்லோரும் எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். சென்னையில் சாதாரணக் கட்டடத்துக்கு 1.5 ஆக இருந்ததை, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் 2 ஆக உயர்த்தின. உயரக் கட்டடங்களுக்கு 3.25.

ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. முன்பு 3,600 கட்டலாம், இப்போது 4,800. அந்த 1,200 சதுர அடிதான் பில்டரை உங்கள் வாசலுக்குக் கொண்டுவருகிறது. பழைய வீட்டுக்காரர்களுக்குப் புது வீட்டைக் கைக்காசு வாங்காமல் தருகிறார், கூடுதல் பரப்பை விற்று லாபம் எடுக்கிறார். கட்டடம் பலமாக இருக்கிறதா இல்லையா என்பது இந்தப் பேரத்தில் ஒரு பொருட்டே இல்லை. 2022ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தாலே மறுகட்டுமானத்துக்குப் போகலாம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. நகரத்துக்குள் நெருக்கமாகக் கட்டுவது நல்லதுதானே? ஆமாம், நல்லதுதான். உள்ளே இடம் கிடைக்காவிட்டால் ஊர் வெளியே பரவும். சென்னை தெற்கே பரவியபோது என்ன ஆனது என்று பள்ளிக்கரணையைப் பார்த்தால் தெரியும். சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீரெல்லாம் வந்து தங்கிப் போகும் சதுப்பு நிலம் அது. பழைய பரப்பில் பெரும்பகுதி சாலை, குப்பைமேடு, கட்டடம் என்று போய்விட்டது. மிஞ்சியதற்கு 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. நீர் தங்கும் நிலத்தைக் 'காலி இடம்' என்று எழுதிவைத்ததற்கான விலையை 2015 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தோம்.

ஆக, நீடித்த நிலப் பயன்பாடு என்பது பூங்கா வைப்பதற்கான இன்னொரு பெயர் இல்லை. ஏற்கெனவே தார் போட்டு, குழாய் பதித்து, பஸ் விட்டிருக்கும் நிலத்தை முழுதாகப் பயன்படுத்தி, ஏரியையும் வயலையும் விட்டுவைப்பதுதான் அது. கட்டடத்தை வைத்துக்கொள்வதும் நெருக்கமாக வாழ்வதும் சில சமயம் ஒன்றோடொன்று முட்டும். இதை மறைக்காமல் பேச வேண்டும்.

முட்டும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இடித்துக் கட்டிய பிறகு அந்த மனையில் எத்தனை குடும்பம் கூடுதலாக வாழும்? 800 சதுர அடி வீடுகள் 12 இருந்த இடத்தில் 1,600 சதுர அடி வீடுகள் 12 வந்தால், சதுர அடி இரட்டிப்பாகியிருக்கிறது, கார் கூடியிருக்கிறது, ஆட்கள் கூடவில்லை. ஊர் பரவுவதை அது ஒரு அடிகூடத் தடுக்கவில்லை. பழைய அடித்தளம் தாங்குமென்றால் மேலே ஒரு இலகுவான எஃகுத் தளம் சேர்ப்பது, பூட்டியே கிடக்கும் வீடுகளை வாடகைக்கு வரச் செய்வது, பக்கத்தில் கிடக்கும் பழைய கிடங்கிலோ வண்டி நிறுத்துமிடத்திலோ கட்டுவது ஆகிய வழிகளில் இடிக்காமலேயே நெருக்கத்தைக் கூட்டலாம்.

## மும்பை மில்களில் ஒரு வரி செய்த வேலை

நிலத்தைப் பற்றி எழுதும்போது மும்பையின் நடுவில் இருந்த துணி ஆலைகளை விட்டுவிட முடியாது. 58 ஆலைகள், சுமார் 600 ஏக்கர். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஒவ்வொன்றாக மூடின. நெரிசலில் மூச்சுத் திணறும் ஒரு நகரத்தின் இதயத்தில் திடீரென்று இவ்வளவு நிலம்!

1991இல் வந்த வளர்ச்சி விதிகளில் 58ஆம் விதி ஒரு நல்ல பங்கீட்டைச் சொன்னது. ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்காக மாநகராட்சிக்கு, ஒரு பங்கு சாதாரண மக்களுக்கான வீடுகளுக்காக வீட்டுவசதி அமைப்புக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001இல் அந்த விதியைத் திருத்தினார்கள். பங்கீடு, ஆலைக்குள் ஏற்கெனவே காலியாக இருந்த நிலத்துக்கு மட்டும்தான் என்று ஆனது. கட்டடத்தை இடித்துக் கிடைக்கும் நிலம் கணக்கில் வராது.

ஆலை என்றாலே மனை முழுக்கக் கட்டடம். காலி நிலம் கொஞ்சம்தான். ஆகவே நகரத்துக்குக் கிடைக்க வேண்டிய பங்கு சுருங்கிப்போனது. கட்டடத்தை இடித்தவருக்கு நிலம் முழுவதும் என்ற நிலை வந்தது. ஒரு பொதுநல வழக்கில் 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, திருத்தம் செல்லும் என்றது. இன்று அங்கே மால்களும் கண்ணாடிக் கோபுரங்களும் நிற்கின்றன. பூங்காவாகவும் சின்ன வீடுகளாகவும் ஆகியிருக்க வேண்டிய நிலம் ஒரு விதியின் ஒரு வரியில் கை மாறிவிட்டது.

நகரப் புதுப்பிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் வரைபடத்தைப் பார்க்கிறோம். விதிப் புத்தகத்தையும் பார்க்கப் பழக வேண்டும்.

## இடித்தே ஆகவேண்டும் என்றால்

சோதனையில் கட்டடம் தேறவில்லை. சரி, இடிப்போம். எப்படி இடிக்கிறோம் என்பதிலும் நிறைய இருக்கிறது.

மெட்ராஸ் டெரஸ் என்ற கூரை போட்ட பழைய வீட்டை இடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வரிசையாகத் தேக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் சாய்வாக நிறுத்தி வைத்த மெல்லிய செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே தட்டோடு. இடிக்கும் ஆட்கள் மேலிருந்து ஒவ்வொரு அடுக்காகப் பிரிப்பார்கள். சுண்ணாம்புச் சாந்து இளகிக் கொடுப்பதால் செங்கல் முழுசாக வரும். தேக்குச் சட்டம், கதவு, நிலை, கீல் எல்லாம் பழைய கட்டட சாமான் கடைக்குப் போகும். அந்தப் பொருளுக்காகவே இடிக்கிறவர் வீட்டுக்காரருக்குப் பணம் தருவதும் உண்டு.

சிமென்ட் சாந்தில் கட்டிய சுவரில் அது நடக்காது. சாந்து செங்கல்லைவிடப் பலமாக ஒட்டியிருக்கும். பிரித்தால் செங்கல்தான் உடையும். கம்பி பழைய இரும்புக்குப் போகும், கதவு ஜன்னல் கொஞ்சம் போகும், மற்றதெல்லாம் கட்டட இடிபாடு. ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகும் லாரியைப் பற்றிப் புறநகர்வாசிகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இடித்தது நகரத்துக்குள், தூர்ந்தது ஊருக்கு வெளியே ஓர் ஏரி.

2016இல் மத்திய அரசு கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. கழிவைப் பிரித்து வைக்க வேண்டியது உண்டாக்குபவரின் பொறுப்பு. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இதற்கென்று ஆலைகள் இருக்கின்றன. அங்கே போகும் இடிபாட்டை நொறுக்கிச் சலித்து மணலாகவும் ஜல்லியாகவும் பிரிக்கிறார்கள். அதை நடைபாதைக் கல்லுக்கும் நிரப்புக்கும் பயன்படுத்தலாம். இடிப்பு ஒப்பந்தம் போடும்போதே இடிபாடு எங்கே போகிறது, அதற்கான ரசீது யார் தருவார் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். கட்டணத்தின் கடைசித் தவணையை அந்த ரசீது வந்த பிறகு கொடுங்கள். புதிதாக எழுப்பும் கட்டடத்திலும் பிளம்பிங், வயரிங் குழாய்களைத் தூணுக்கும் தளத்துக்கும் உள்ளே புதைக்காமல் தனிப் பாதையில் விடச் சொல்லுங்கள். குழாய் கெட்டால் குழாயை மட்டும் மாற்றலாம். ஒழுகும் தண்ணீர் உள்ளிருந்தே கம்பியை அரிக்காது.